வாசலிலே பிளாஸ்டிக் புல்லா? பிள்ளையாரே சிரிப்பார்!

போன வாரம் சாயங்காலம் காரைக்குடி நண்பர் ஒருவர் வந்தார். ஜவுளிக்கடையிலே முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அனுப்பிய பணத்தில் ஊருக்கு வெளியே புது வீடு கட்டி முடித்திருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ஆனால் மனுஷர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"என்னங்க, பணம் பத்தலையா?" என்று கேட்டேன்.

"பணம் இருக்குண்ணே. புல்லுதான் பிரச்சினை!" என்றார்.

வீட்டுக்கு முன்னால் ஒரு சென்ட் இடம் காலியாகக் கிடக்கிறது. "லான் போடுங்கப்பா, பார்க்க லட்சணமா இருக்கும்" என்று மகன் போனில் சொல்லிவிட்டான். நர்சரிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால், "கொரியன் புல் போட்டால் பட்டு மாதிரி இருக்கும், தினமும் தண்ணீர் மட்டும் விட்டால் போதும்" என்கிறார். கடைக்காரர் ஒருவர் பச்சைப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து விரித்துக் காட்டி, "தண்ணீரே வேண்டாம், வெட்ட வேண்டாம், ஏழு வருஷத்துக்கு கவலையே இல்லை" என்கிறார்.

"எதைண்ணே போடறது?" இதுதான் நண்பரின் கேள்வி.

நண்பர் ஒருவருடைய கேள்வியாக இருந்தால் நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பேன். ஆனால் இன்றைக்கு செட்டிநாட்டில் புதிதாக வீடு கட்டுகிற பாதிப் பேருக்கு இதே கேள்வி வருகிறது. கடை வாசலில் பச்சைப் பாய், ஓட்டல் மாடியில் பச்சைப் பாய், கல்யாண மண்டபத்துச் சுவரிலேகூட பச்சைப் பாய்! அதனால் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடுவோம்.

ஆச்சி கேட்ட கேள்வி

முதலில் ஒரு வேடிக்கை. நம்ம பக்கத்திலே "வாசல்லே புல் முளைச்ச வீடு" என்றால் என்ன அர்த்தம்? ஆள் இல்லாத வீடு, விளக்கு எரியாத வீடு என்று அர்த்தம். காலையிலே வாசலைப் பெருக்கி, சாணி தெளித்து, கோலம் போடுவதுதான் வீடு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஒரு புல் தலைகாட்டினாலும் கையோடு பிடுங்கிப் போடுவார்கள்.

நண்பர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வயதான ஆச்சி ஒருவர் இருக்கிறார். லான் சமாசாரத்தைக் கேட்டுவிட்டு, "காசு குடுத்தா வாசல்லே புல்லு வளர்ப்பாக? அப்ப கோலத்தை எங்கே போடுவாக, மொட்டை மாடியிலயா?" என்று கேட்டாராம்.

சிரிக்காதீர்கள். ஆச்சி கேட்டது நியாயமான கேள்வி. கொரியன் புல்லின் மேலும் கோலம் போட முடியாது, பிளாஸ்டிக் பாயின் மேலும் போட முடியாது.

இந்த லான் என்கிற சங்கதியே நம்ம ஊர்ச் சரக்கு அல்ல. வருஷம் பூராவும் தூறல் போடுகிற இங்கிலாந்திலே, புல் தானாக வளர்ந்தது. அதைச் சமமாக வெட்டுவதற்கு 1830-ல் எட்வின் பட்டிங் என்பவர் ஒரு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். வெள்ளைக்காரர்கள் போன இடமெல்லாம் அந்தப் பழக்கமும் கூடவே போனது. ஊட்டிக்குப் போய் தாவரவியல் பூங்காப் புல்தரையில் உருண்டவர்கள் எல்லாம், "ஆகா, நம்ம வீட்டிலேயும் இப்படி இருந்தால்" என்று பெருமூச்சு விடுகிறோம். ஊட்டி ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது ஐயா! காரைக்குடி எங்கே இருக்கிறது?

குடம் கணக்கு

சரி, நிஜப் புல்லுக்கே வருவோம். தண்ணீர் எவ்வளவு ஆகும்? இதோ தோராயக் கணக்கு.

சித்திரை, வைகாசி வெயிலில் நம்ம ஊரில் பசுமையாக நிற்க வேண்டிய புல்தரை, ஒரு சதுர மீட்டருக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் தண்ணீரைக் குடித்து ஆவியாக விடும். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி, அதாவது சுமார் 40 சதுர மீட்டர். ஆக, ஒரு சென்ட் புல்லுக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர்! 15 லிட்டர் குடமாக இருந்தால் பதிமூன்று, பதினாலு குடம். தினசரி!

கோடையில் நாலு மாதத்துக்கு இப்படி ஊற்றினால் 24 ஆயிரம் லிட்டர். பெரிய லாரி என்றால் இரண்டு லாரித் தண்ணீர். ஜல் ஜீவன் திட்டத்திலே கிராமத்து ஆள் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நண்பரின் ஒரு சென்ட் கொரியன் புல், கிட்டத்தட்ட நாலு பேர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா படுத்திருக்கும்!

போர் போட்டிருக்கிறோமே, நம்ம தண்ணீர்தானே என்று சிலர் கேட்கலாம். பூமிக்கு அடியில் காம்பவுண்டுச் சுவர் கிடையாது. நீங்கள் இறைத்தால் பக்கத்து வீட்டுப் போரிலேதான் இறங்கும். சம்பை ஊற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றினால் இனிக்கிறது என்று பெருமை பேசுகிற ஊர் நாம். சிவகங்கை மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கச் சேர்த்தே ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழைதான். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மாசி பிறந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 2019 கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்களே, மறந்துவிட்டதா?

ஆகவே தினசரி குடம் குடமாகக் கேட்கும் பட்டுப் புல் நமக்கு ஒத்துவராது. இதிலே எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் பிளாஸ்டிக்கா?

இந்த இடத்தில்தான் கடைக்காரர் பச்சைப் பாயோடு உள்ளே நுழைகிறார். தண்ணீரே வேண்டாம் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தப் பிளாஸ்டிக் புல் பிறந்த கதையைக் கேளுங்கள். அமெரிக்காவிலே ஹூஸ்டன் நகரத்தில் 1965-ல் ஒரு பேஸ்பால் மைதானத்துக்கு மேலே கூரை போட்டுக் கட்டினார்கள். ஆஸ்ட்ரோடோம் என்று பெயர். கூரையில் வெளிச்சம் வருவதற்காகக் கண்ணாடி மாதிரி பலகைகள். அந்த வெளிச்சம் கண்ணைக் கூசியதால் பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் புலம்பினார்கள். உடனே பலகைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். வெயில் இல்லாமல் உள்ளே இருந்த புல் செத்துப்போனது! வேறு வழியில்லாமல் 1966-ல் நைலான் புல்லை விரித்தார்கள். அதுதான் ஆஸ்ட்ரோ டர்ஃப்.

ஆக, வெயிலே படாத இடத்துக்காகப் பேர் எடுத்த சரக்கு அது. அதைக் கொண்டுவந்து, வெயில் சதம் அடிக்கிற காரைக்குடியில் நடு வாசலில் விரிக்கிறோம்.

விரித்தால் என்ன ஆகும்? இதையும் அமெரிக்காவிலேயே அளந்து பார்த்துவிட்டார்கள். யூட்டா மாநிலத்திலே பிரிகாம் யங் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 2002-ல் மைதானத்தில் செயற்கைப் புல் போட்டார்கள். பயிற்சியாளர் ஒருவருக்கு, ஷூ போட்ட காலிலேயே கொப்புளம் வந்துவிட்டது! என்னடா இது என்று தெர்மாமீட்டரும் கையுமாக இறங்கினார்கள்.

காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணி வரை எடுத்த சராசரி இது. நிஜப் புல் 78 டிகிரி. வெறும் மண் 98 டிகிரி. தார் ரோடு சுமார் 110 டிகிரி. செயற்கைப் புல் 117 டிகிரி! தார் ரோட்டையே தோற்கடித்துவிட்டது. காற்றின் வெப்பம் 98 டிகிரியாக இருந்த ஒரு நாளில் செயற்கைப் புல்லின் மேல்பரப்பு 200 டிகிரியைத் தொட்டது. தண்ணீர் கொதிப்பதே 212 டிகிரியில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தண்ணீர் தெளித்தால் குளிர்ந்துவிடாதா? அதையும் செய்து பார்த்தார்கள். 174 டிகிரியில் இருந்ததை நனைத்து 85-க்குக் கொண்டுவந்தார்கள். ஐந்தே நிமிஷத்தில் 120-க்கு ஏறியது. இருபது நிமிஷத்தில் 164! நனைத்தவர்கள் குழாயை மூடிவிட்டுத் திரும்புவதற்குள் பழைய குருடி கதவைத் திறடி!

காரணம் ரொம்பச் சுலபம். உயிர்ப் புல் வேரிலிருந்து தண்ணீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக விடுகிறது. நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்கிற மாதிரி அது தன்னையும் குளிர்வித்துக்கொண்டு பக்கத்துக் காற்றையும் குளிர்விக்கிறது. பிளாஸ்டிக்குக்கு வியர்க்காது. விழுகிற வெயிலை வாங்கி அப்படியே நம்ம பக்கம் திருப்பி அனுப்பும். அந்த அனல் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளே வரும். அப்புறம் ஏ.சி.யை ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட விட்டு, கரண்ட் பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நண்பருக்கு இரண்டு வயதில் பேத்தி இருக்கிறாள். லீவுக்குச் சிங்கப்பூரிலிருந்து மகன் குடும்பத்தோடு வருவது மே, ஜூன் மாதத்திலேதான். குழந்தை மத்தியானம் வெறுங்காலோடு வாசலில் ஓடினால்? இதை நான் சொன்னதும் மனுஷர் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

கடைக்காரர் சொல்லாதது

இன்னும் இருக்கிறது.

பாயைச் சும்மா மண் மேலே விரிக்க முடியாது. மேடு பள்ளம் தெரியும். அதனால் கீழே கான்கிரீட் போடச் சொல்வார்கள். ஐப்பசி மழை பாயின் ஓட்டை வழியாக இறங்கி, கான்கிரீட் மேலே ஓடி, தெருச் சாக்கடையில் போய் விழும். 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துப் பூமிக்குள் விட்டுவிட்டு, வாசலைக் கான்கிரீட் போட்டு மூடுவது என்ன நியாயம்?

இந்தப் பாய் பெரும்பாலும் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் இரண்டிலேதான் தயாராகிறது. கடையில் கொடுக்கிற பாலித்தீன் பையின் சொந்தக்காரன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை போட்டார்கள். கையில் மஞ்சப்பையைப் பிடித்துக்கொண்டு, வாசலில் ஒரு சென்ட் பிளாஸ்டிக்கை விரித்து வைத்திருப்பதை என்னவென்று சொல்வது?

வெயில் தாங்குவதற்கு யு.வி. பூச்சு இருக்கிறது என்பார்கள். உண்மைதான். அது கெடுதலைத் தள்ளிப்போடும், தடுத்துவிடாது. சில வருஷத்தில் பச்சை வெளிறும். இழை முறியும். முறிந்த தூள் காற்றிலும் மழைத் தண்ணீரிலும் போகும். ஐரோப்பிய யூனியன் 2023-ல் ஒரு சட்டம் போட்டது. செயற்கைப் புல் மைதானங்களில் இழைகளுக்கு நடுவே தூவுகிறார்களே ரப்பர் குருணை, அதை 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே விற்கக் கூடாது. நுண்பிளாஸ்டிக் மண்ணிலும் தண்ணீரிலும் சேருகிறது என்பதுதான் காரணம்.

எட்டு, பத்து வருஷம் கழித்து பாயைச் சுருட்டித்தான் ஆக வேண்டும். சுருட்டி எங்கே போடுவது? பழைய இரும்புக்காரர் எடுக்க மாட்டார். ஊர் ஓரத்தில் யாரோ தீ வைப்பார்கள். அந்தப் புகை எப்படி இருக்கும் என்று பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் நாய் இருந்தால் இன்னொரு தொல்லை. மண் என்றால் மூத்திரத்தை உறிஞ்சிவிடும். பாயிலே தங்கி, வெயில் ஏற ஏற தெருவே மூக்கைப் பிடிக்கும்!

எங்கே போடலாம்?

பிளாஸ்டிக் புல் எங்கேயுமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் ஹாக்கிக்காரர்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடினார்கள். அதற்கு முந்தின வருஷம் உலகக் கோப்பையை ஜெயித்த இந்தியா, அங்கே ஏழாவது இடத்துக்குப் போனது. அதற்கு அப்புறம், டர்ஃப் இல்லாத ஊர்ப் பையன்களுக்குப் பெரிய ஹாக்கி எட்டாக்கனி என்று ஆகிவிட்டது. 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அதற்காக மதுரையில் டர்ஃப் போட்டார்கள். நல்ல காரியம். நம்ம பிள்ளைகளும் போய் ஆட வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பெரிய ஹாக்கி ஆட்டத்துக்கு முன்னால் அந்தத் தரையைத் தண்ணீர் பீய்ச்சி நனைப்பார்கள். பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீரே வேண்டாம் என்பதும் முழுசாகச் சரியில்லை!

அதே மாதிரி, ராத்திரி விளக்குப் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற மைதானங்கள். நாள் பூராவும் நூறு பேர் மிதித்தால் எந்தப் புல்லும் தாங்காது. அங்கே பாய் போட்டுக்கொள்ளட்டும். வெயில் இறங்கிய பிறகுதான் ஆடுகிறார்கள். கடைக்குள்ளே பொம்மைக்குக் கீழே நாலு அடி விரிக்கிற ஜவுளிக்கடை முதலாளியோடும் எனக்குச் சண்டை இல்லை.

வீட்டு வாசலும் நடு ரோடும் வேறு விஷயம். அங்கே யார் பந்து ஆடப் போகிறார்கள்? பார்வைக்குத்தானே?

பார்வைக்கு மட்டும் வைத்த புல்லை அமெரிக்காவிலே நெவாடா மாநிலம் ஒழித்துக்கட்டக் கிளம்பிவிட்டது. லாஸ் வேகாஸ் பாலைவன நகரம். 2021-ல் சட்டம் போட்டு, ரோட்டோரத்திலும் ஆபீஸ் வாசலிலும் யாரும் காலே வைக்காத அலங்காரப் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்றுத் தண்ணீரைப் பாய்ச்சக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து மாநிலம் கலிபோர்னியாவின் கதை இன்னும் ருசி. 2015-ல் கடும் வறட்சி. "வீட்டுக்காரர்கள் பிளாஸ்டிக் புல் போடுவதை ஊர் நிர்வாகங்கள் தடுக்கக் கூடாது" என்று சட்டம் போட்டார்கள். எட்டே வருஷம். 2023-ல் "வேண்டாம் என்று நினைக்கிற ஊர்கள் தடை போட்டுக்கொள்ளலாம்" என்று மாற்றிவிட்டார்கள்! பணக்கார ஊரே பட்டுத் தெரிந்துகொண்டது. நாம் பார்த்துத் தெரிந்துகொண்டால் போதாதா?

பெரியவர்கள் போட்ட கணக்கு

கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பள்ளத்தூரிலும் இருக்கிற பெரிய பெரிய வீடுகளைப் பாருங்கள். பர்மாத் தேக்கு வந்தது, இத்தாலி மார்பிள் வந்தது, பெல்ஜியம் கண்ணாடி வந்தது. கப்பல் கப்பலாகச் சரக்கு இறக்கிய மனிதர்கள், லான் மட்டும் இறக்கவில்லை. வெள்ளைக்காரன் பங்களாவில் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? காசு இல்லாமலா?

அவர்கள் நடு வீட்டில் முற்றத்தைத் திறந்து விட்டார்கள். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்தது. அண்டாவில் பிடித்தது போக மீதி கிணற்றுக்கும் ஊரணிக்கும் போனது. குளிர்ச்சி முற்றத்து வழியாக வந்தது. வெளியே வாசல் பெருக்கிய செம்மண். ஊரணிக் கரையில் மரம். செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோ 2014-ல் உத்தேசப் பட்டியலில் சேர்த்தபோது, இந்த மழைத் தண்ணீர் ஏற்பாட்டையும் சேர்த்துத்தான் சொன்னார்கள்.

"அதெல்லாம் அந்தக் காலம்ணே. மகன் பச்சையா கேக்கிறானே!" என்றார் நண்பர்.

கேட்கட்டும். பச்சைக்கும் வழி இருக்கிறது. அதற்கு பிள்ளையார்பட்டி வரைக்கும் போக வேண்டும்!

கற்பக விநாயகரின் புல்

காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் பிள்ளையார்பட்டி அரை மணி. கோயில் வாசலில் என்ன விற்கிறார்கள்? அருகம்புல் மாலை. அந்த அருகம்புல்லுக்கு வெளிநாட்டில் என்ன பெயர் தெரியுமா? பெர்முடா புல்! வெப்ப நாடுகளில் கோல்ஃப் மைதானத்திலும் கால்பந்து மைதானத்திலும் போடுகிறார்களே, அதே புல்தான். அங்கே நைசான ரகமாக ஒட்டுச் சேர்த்து வளர்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வடக்கே தூப் என்பார்கள், கிரிக்கெட் மைதானங்களில் பெயர் பெற்றது.

நாம் வயல் வரப்பில் பிடுங்கி எறிகிற புல்லை அவர்கள் ரோல் ரோலாகச் சுருட்டி விற்கிறார்கள். நாமோ கொரியன் புல்லைத் தேடி அலைகிறோம்!

அருகின் குணமே தனி. வெயில் இதற்கு உடம்புக்கு ஒத்த சமாசாரம். மண்ணுக்குக் கீழேயும் மேலேயும் தண்டு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும். தண்ணீர் இல்லையென்றால் சாகாது. இலையை உலர விட்டு, உயிரை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு தூங்கும். ஒரு மழை பெய்தால் நாலாம் நாள் பச்சை தட்டும். கல்யாணத்திலே "அருகுபோல் வேரோடி" என்று பெரியவர்கள் வாழ்த்துவது சும்மாவா?

போடுவதும் பெரிய வித்தை அல்ல. புரட்டாசிக் கடைசியில் மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, மட்கிய சாணி எரு கலந்து சமப்படுத்துங்கள். வரப்பில் கிடைக்கிற அருகை வேரோடு கொண்டுவந்து, கணுக் கணுவாக நறுக்கி, நாலு விரல் இடைவெளியில் ஊன்றுங்கள். ஐப்பசி மழை மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். தைக்குள் தரை மூடிவிடும். பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வெட்டினால் போதும். பாம்பு வருமோ என்று பயப்படுகிறவர்கள், இரண்டு அங்குலத்துக்கு மேல் வளர விடாதீர்கள். வெட்டிய புல்லைப் பக்கத்து வீட்டு ஆடு தின்னும்.

குறையே இல்லையா? உண்டு. அருகுக்கு நிழல் ஆகாது. வேப்ப மரத்தடியில் சொட்டையாகத்தான் நிற்கும். அங்கே பெருக்கிய மண்ணாகவோ சரளையாகவோ விட்டுவிட வேண்டியதுதான். பூச்செடிப் பாத்திக்குள்ளும் ஓடும், அடிக்கடி இழுத்துப் போட வேண்டும். விவசாயிகளைக் கேட்டால் அருகைப் பற்றி ஒரு பாட்டம் திட்டுவார்கள்! பட்டு மாதிரி மெத்தென்று இருக்குமா என்றால், இருக்காது. கொஞ்சம் முரடுதான்.

முக்கியமான குறை இது: பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் பழுப்பாக நிற்கும். குளித்த தண்ணீரையும் காய்கறி கழுவிய தண்ணீரையும் திருப்பி விட்டால் கொஞ்சம் பச்சை தங்கும். பத்து நாளுக்கு ஒரு தடவை நனைத்தால் உயிர் தெம்பாக இருக்கும். ஆனால் போட்டோவிலே பார்க்கிற பச்சை கோடையில் கிடையாது. அதை ஒப்புக்கொள்ள மனசு வேண்டும். மாமரம் மார்கழியில் காய்க்கவில்லை என்று யாராவது கோபித்துக்கொள்கிறோமா?

மாநகராட்சிக்கு ஒரு வார்த்தை

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. இனி பூங்கா வரும், ரவுண்டானா வரும், ரோட்டு நடுவே திட்டு வரும், அழகுபடுத்த டெண்டரும் வரும். பல ஊர்களில் டெண்டர் எடுத்தவர்கள் திட்டு மேலே பச்சைப் பாயை ஒட்டிவிட்டு பில்லை வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆறு மாதத்தில் பாயின் மேலே புழுதி படிந்து, பஸ் புகை படிந்து, பச்சையா கறுப்பா என்று தெரியாது. அதைக் கழுவுவதற்கு லாரித் தண்ணீர்!

நம்ம ஊரிலே அந்தக் கூத்து வேண்டாம். டெண்டர் பேப்பரில் ஒரு வரி சேர்த்தால் போதும்: தரைக்குப் பிளாஸ்டிக் புல் கூடாது, அருகோ சரளையோ போட்டு, இடம் இருந்தால் வேம்பும் புங்கனும் வைக்க வேண்டும். அந்தக் காசில் மிச்சம் பிடித்து ஓர் ஊரணியைத் தூர் வாரினாலும் ஊருக்குப் புண்ணியம்.

நம்ம நண்பர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? பாய்க்காரரை அனுப்பிவிட்டார். வாசல் கதவிலிருந்து கேட்டு வரைக்கும் ஆறடி அகலத்துக்குப் பெருக்குகிற மண்ணாகவே விடச் சொல்லி வீட்டம்மா உத்தரவு. கோலத்துக்கு! இரண்டு பக்கமும் அருகு. தெற்கு ஓரத்தில் ஒரு வேப்பங்கன்று.

மகனிடம் போனில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "சரிப்பா, போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றானாம்.

"மழை பெய்யட்டும்டா" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.